எட்டு நிமிடம்

பெரிய டாக்டர் ஒரு நிமிடம்கூட வேகமாக வேலை செய்யவில்லை. ஒரு நோயாளியைக்கூடக் கூடுதலாகப் பார்க்கவில்லை. ஆனாலும் எங்கள் கிளினிக்கில் சராசரி காத்திருப்பு நேரம் அறுபத்தெட்டு நிமிடத்திலிருந்து பதினாறுக்கு இறங்கியது. அதைச் செய்தவள் நான்தான். அப்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். இப்போது சொல்லவே வாய் கூசுகிறது.

எங்கள் மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் 'நிமிஷம்'. எதைக் கேட்டாலும் நிமிடக் கணக்கில்தான் பதில் வரும். ஒரு நாள் கவுண்டருக்கு வந்து நின்றார்.

"இருபது நிமிஷத்துக்குள்ள கொண்டு வாங்கம்மா. இல்லேன்னா கவுண்டர்ல ரெண்டு பேர் எதுக்குன்னு மேல கேக்கறாங்க."

ரெண்டு பேர் என்றால் நானும், பக்கத்து நாற்காலியில் உட்காரும் கைக்குழந்தைக்காரியும். அன்று மத்தியானம் இருவருக்குமே சாப்பாடு இறங்கவில்லை. யாரை முதலில் வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மறுநாள் எனக்குத் தோன்றியது. ஆள் வந்ததும் டோக்கன் கொடுக்கிறோம், அந்த நொடியே கம்ப்யூட்டரில் நேரம் ஓட ஆரம்பித்துவிடுகிறது. உள்ளே ஒரு நாற்காலி காலியானதும்தான் டோக்கன் என்று வைத்தால்? இருப்பதோ பன்னிரண்டு நாற்காலி. மீதிப் பேர் வெளியே சுவரோரம் வரிசையில் நிற்கட்டும். டோக்கன் இல்லாதவன் கணக்கில் வராதவன்.

"மண்டையில மசாலா இருக்கும்மா உனக்கு!" என்றார் நிமிஷம்.

வெளியே நிற்பவர்கள் கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்ததால், அதில் வெள்ளைத் தாள் ஒட்டச் சொன்னதும் நான்தான். முன்பெல்லாம் முகம் வெளிறி ஒருவர் வந்தால் வரிசையாவது ஒன்றாவது, கையைப் பிடித்து நேராக உள்ளே அனுப்பிவிடுவேன். தாள் ஒட்டிய பிறகு முகமே தெரியவில்லை. நிழல்தான் தெரிந்தது. நிழலுக்கு என்ன வியாதி என்று எவளால் சொல்ல முடியும்?

அந்த மாதமே இன்னொன்றும் நடந்தது. என் அக்கா காய்ச்சலோடு வந்து, வாட்ச்மேனிடம் என்னைச் சொல்லி வரிசையைத் தாண்டி உள்ளே வந்துவிட்டாள். நிமிஷம் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! வீட்டுக்குப் போனதும் போனில் அவளைப் பிடி பிடியென்று பிடித்தேன்.

"இனிமே என் பேரைச் சொல்லிக்கிட்டு யாரும் அங்க வராதீங்க. என் பொழப்புல மண்ணைப் போடாதீங்க."

அவள் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள் போல. அத்தான் குரல்தான் பதில் சொன்னது. "சரிம்மா. இனிமே வர மாட்டோம்."

அத்தான் சட்டைக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துணி மேல் சாக்குக்கட்டியால் அவர் ஒரு கோடு போட்டால் அப்புறம் ஸ்கேல் தேவையில்லை. சொன்ன சொல் தவறாத மனிதர், கடன்காரன்கூடக் குறை சொல்ல மாட்டான். ஒரு திங்கட்கிழமை, காலை ஏழு மணிக்கே அவருக்கு வலது கை மரத்திருக்கிறது. தூங்கிய வாக்கில் அப்படியிருக்கும் என்று உதறி உதறிப் பார்த்துவிட்டு, பத்து மணிக்கு வீட்டிலிருந்து கிளம்பியிருக்கிறார். கிளினிக்குக்குப் பத்து நிமிட நடை.

பத்தே முக்காலுக்கு வாட்ச்மேன் உள்போனில் என்னைக் கூப்பிட்டார்.

"வெளிய ஒருத்தர் கையை உதறிக்கிட்டே நிக்கறாருங்க. உள்ள விடவா?"

பன்னிரண்டு நாற்காலியும் நிறைந்திருந்தது. மாதக் கடைசி வேறு. எனக்கு எரிச்சலாக வந்தது.

"இங்க வர்ற எல்லாருக்கும் அவசரந்தாண்ணே. வரிசையில நிக்கச் சொல்லுங்க."

யார் என்று ஒரு வார்த்தை கேட்டேனா? கேட்கவில்லை. அத்தானும் என் பெயரைச் சொல்லவில்லை. வரிசையில் நின்றார்.

பதினொன்று நாற்பத்திரண்டுக்கு ஒரு நாற்காலி காலியானது. கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு அத்தான் வந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. இடது கையால் டோக்கனை வாங்கிக்கொண்டு, "ஒண்ணுமில்லம்மா, கைதான்..." என்று குழறினார். ஓடிப் போய்த் தாங்கி டாக்டர் அறைக்குள் கொண்டு போனேன். அவர் ஒருவருக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார், முடித்துத் திரும்பப் பதினொன்று ஐம்பது. அடுத்த நிமிடமே ஆம்புலன்ஸ், பெரிய ஆஸ்பத்திரி. அங்கே பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "மூளையில அடைப்பு. ஒரு மணி நேரம் முன்னால கொண்டு வந்திருந்தா அதைக் கரைக்க ஊசி போட்டிருக்கலாம்."

உயிர் இருக்கிறது. வலது கையும் பேச்சும் போய்விட்டன.

நாலாம் நாள் வார்டுக்குப் போனேன். அக்கா எங்கள் கிளினிக் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதையே திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தாள். வந்த நேரம் 11:42. டாக்டர் பார்த்த நேரம் 11:50. காத்திருப்பு எட்டு நிமிடம்.

"வரிசையில நின்னதும் சேத்து எட்டே நிமிஷத்துல பாத்திருக்காங்க, பாருடி!" என்றாள். அப்புறம் கட்டில் பக்கம் திரும்பினாள். குரல் உடைந்தது. "பத்து மணிக்குக் கிளம்பின மனுஷன் எங்கங்க போய் சுத்தினீங்க ஒன்றரை மணி நேரம்? டீக்கடையில உக்காந்து கதை பேசினீங்களா? உங்க அலட்சியத்தால இப்ப யார் கஷ்டப்படறது? நேரா இவகிட்ட போயிருந்தா கை பொழைச்சிருக்குமே!"

அத்தான் தலையை ஆட்டினார். தொண்டையிலிருந்து என்னவோ சத்தம் வந்தது, வார்த்தையாகவில்லை. கண்ணோரம் நீர் இறங்கிக் காதுக்குள் போனது. அக்கா துடைத்துவிட்டாள், திட்டிக்கொண்டே துடைத்தாள்.

சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று எனக்குள் அடித்துக்கொண்டது. அவர் எங்கேயும் சுத்தலக்கா, என் கதவுக்கு வெளியேதான் நின்னார் என்று ஒரு வரி போதும். சொன்னால் அக்கா எனக்கு இல்லை. வேலையும் இல்லை. சீ, என்ன பிறவி நான்!

அப்போது அத்தான் இடது கையை மெல்லத் தூக்கினார். நேராக என்னைக் காட்டினார். காட்டியபடியே அக்காவைப் பார்த்தார், மறுபடி என்னைக் காட்டினார்.

அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுடைய கோபம் அப்படியே கரைந்துபோனது. என் கையை இழுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"உன்னைத்தான்டி காட்டறார். நீ இல்லேன்னா இந்த உயிரும் போயிருக்கும்னு சொல்றார். இல்லீங்க?"

அவர் கை இறங்கவில்லை.

"ஆமாக்கா," என்றேன்.