கட்டைவிரல் வளைவு

அந்தச் சாலையின் வளைவு நாளுக்கு ஒரு சாண் நகர்ந்தது. ஊரை நகராட்சியோடு சேர்த்த மறுவருடம் ஆரம்பித்து, ஆறு வருடத்தில் அரைக் கிலோமீட்டர். ஓட்டிக்கொண்டு போனவள் எருமைக்காரி.

வளைவு வந்த கதை சின்னது. நகராட்சியின் திட்ட அதிகாரி புதுச் சாலைக்கு வரைபடத்தில் கோடு போட்டபோது, ஸ்கேலை அழுத்தியிருந்த கட்டைவிரல் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது. பென்சில் விரலைச் சுற்றிக்கொண்டு போனது. அதற்குள் டீ வந்துவிட்டதால் அவர் அதை அழிக்கவில்லை. வரைபடம் ஏழு மேஜை ஏறி, ஏழு முத்திரை வாங்கி இறங்கியபோது, அந்தப் புடைப்பு எருமைக்காரியின் வீட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. அவள் நேரில் போய்க் கேட்டாள்.

"நேராப் போற ரோடு என் வீட்டுக்கிட்ட மட்டும் ஏன் சார் ஒதுங்குது?"

"பிளான்ல அப்படித்தான்மா இருக்கு" என்றார் அதிகாரி, நிமிராமல். வரைபடத்தின் மேல் அவர் ஊன்றியிருந்த கட்டைவிரலையும் அந்தக் கோட்டையும் அவள் மாறி மாறிப் பார்த்தாள். அளவு பொருந்தியது.

படுத்த படுக்கையாகக் கிடந்த அவள் புருஷனைக் கட்டிலோடு தூக்கி வெளியே வைத்துவிட்டு வீட்டை இடித்தார்கள். "நம்ம வீட்டுக்குப் போலாம் வா" என்று வாடகை அறையில் நாற்பது நாள் கேட்டுக்கொண்டே இருந்தவன், நாற்பத்தோராம் நாள் போய்ச் சேர்ந்தான். அடுத்த வாரம் அவள் எருமை ஓட்டும் தடியோடு சாலைக்கு வந்து, வளைவின் பின்பக்கம் ஒரு தட்டுத் தட்டி, "ஹை, நட" என்றாள். தார் முதுகை நெளித்தது. ஒரு சாண் போய் நின்றுகொண்டது. எருமையாக இருந்தால் திட்டியிருப்பாள். பழகாத ரோடுதானே என்று விட்டுவிட்டாள்.

அன்றிலிருந்து தினமும் பால் ஊற்றி முடித்ததும் ஒரு தட்டு. வளைவு போகப் போகப் பின்னால் சாலை நேரானது, அவளுடைய மனை வெளியே வந்தது. அதில் அவள் ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. போகிற வழியில், பூங்காவுக்கென்று ஒதுக்கி, பூங்கா வராத பொட்டல்தான் கிடந்தது, யாருக்கும் சேதமில்லை. பொட்டலின் மறுமுனையில், தான் போட்ட சாலையை நம்பி, திட்ட அதிகாரி மாடி வீடு கட்டியிருந்தார். அந்த வீடு இடிவதை அவள் கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். வளைவின் புது இடத்தை நகராட்சி மாதா மாதம் சுற்றறிக்கையில் பேருந்துக்காரர்களுக்குத் தெரிவித்துவந்தது.

ஆறாம் வருடம் வளைவு அதிகாரியின் காம்பவுண்டுச் சுவரைத் தின்றது. ஓய்வு பெற்றிருந்த அவர் ஏழு மேஜைக்கும் அலைந்தார். வரைபடத்தை எடுத்து விரித்துக் காட்டினார்கள்: கோடும் நகர்ந்து வந்து அவர் வீட்டின் மேல் புடைத்திருந்தது, முத்திரைகள் அப்படியே இருந்தன. கடைசியில் அவளிடமே வந்து நின்றார்.

"கொஞ்சம் அந்தப் பக்கமா ஓட்டிடும்மா. வீட்ல என் சம்சாரத்தால எழுந்திருக்கவே முடியல."

இரக்கம் வருகிறதா என்று அவள் மனசுக்குள் துழாவிப் பார்த்தாள். வரவில்லை.

"கட்டிலோட தூக்கலாம் சார், நாலு பேர் போதும். பிளான்ல அப்படித்தான் இருக்கு."

மறுநாள் வளைவு கூடத்துக்குள் நுழைந்தது. தூக்க மூன்று பேர்தான் கிடைத்தார்கள். கட்டிலின் நாலாவது காலை எருமைக்காரியே பிடித்து, நோயாளி குலுங்காமல் வெளியே இறக்கி வைத்தாள். அவளுக்கு அந்தப் பழக்கம் இருந்தது. அதோடு தடியை ஓரமாகச் சாத்திவிட்டாள்.

வளைவு அங்கேயே நின்றுவிட்டது. பேருந்துகள் கூடத்தின் வழியாகப் போகின்றன, சமையலறை இருந்த இடத்தில் நிறுத்தம். காலை எட்டே கால் வண்டிக்கு எருமைக்காரி பால் கேனோடு அங்கேதான் ஏறுகிறாள்.