கழுவிய கயிறு

அன்று ஊர்க்கூடத்தில் இருந்தவர்கள்: குப்பாங் நகரத்திலிருந்து வந்த நஷ்டஈட்டு மதிப்பீட்டாளர் ஹென்ரி, இடுப்பில் சாவிக்கொத்துடன் ஊர்ச் செயலர் தெர்சியுஸ், மெசாக், அவனுடைய பக்கத்து வீட்டுக்காரி ஃபெர்தெரிகா. மற்றவர்கள் காலையிலேயே பதிந்துவிட்டுப் போய்விட்டார்கள். பதிவுக்கு அதுதான் கடைசி நாள்.

நடுக்கடலில் எண்ணெய்க் கிணறு வெடித்து, ரோத்தே தீவின் கரைக்குக் கசடு வந்து ஆறு வருடம். ஃபெர்தெரிகா கயிறுகளில் கட்டி வளர்த்த கடல்பாசி ஒரே வாரத்தில் வெளுத்துக் கழன்று விழுந்தது. புருஷன் மலேசியாவுக்குக் கூலி வேலைக்குப் போனான்; அப்புறம் தகவலே இல்லை. இன்று பெயர் பதிந்தால், வரும் நஷ்டஈட்டில் விதைப்பாசி வாங்கி மறுபடி கட்டலாம். இல்லையென்றால் குப்பாங்கில் யார் வீட்டிலாவது பாத்திரம் தேய்க்க வேண்டியதுதான்.

மெசாக்கின் நாற்பது கயிற்றிலும் தார் கெட்டியாக ஒட்டியிருந்தது. கசடு வந்தபோது பன்றித் தொழுவத்துக்குப் பின்னால் எறிந்தவன், அப்புறம் தொடவேயில்லை. நாற்பதும் பதிவானது.

ஃபெர்தெரிகாவின் எண்பது கயிற்றை ஹென்ரி புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"இதுல எண்ணெயே இல்லையேம்மா."

"கழுவிட்டேன் சார்."

"ஏன் கழுவினீங்க?"

இது என்ன கேள்வி என்று அவளுக்குப் புரியவில்லை. அழுக்குக் கயிற்றில் பாசி பிடிக்காது. கயிற்றைத் தேய்த்துக் காயப்போடாத பெண்ணைப் பற்றி அந்தக் கரையில் யாரும் நல்லபடியாகப் பேசமாட்டார்கள். மண்ணெண்ணெயும் சாம்பலும் போட்டு, பனைநாரால் மூன்று மாதம் தேய்த்திருந்தாள்.

"கழுவாம எப்படி சார் திரும்பக் கட்டுறது?"

"கயித்துல கறை இருந்தாத்தான் சேதம். எண்ணெய்க் கம்பெனி அப்படித்தான் எழுதிக் குடுத்திருக்கு."

அவள் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தாள். விரலிடுக்குகளில் தோல் கறுத்து வெடித்திருந்தது.

"கறை இங்க இருக்கு."

"அது ஆஸ்பத்திரி விஷயம். இந்தப் படிவத்துல கயிறு மட்டும்தான்."

"சோம்பேறி, குப்பையைக் கட்டி அழுவுறான்னு எத்தனை தடவ என்னைத் திட்டுன அக்கா," என்றான் மெசாக். யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை. "சார், என்னுதுல பாதி அவங்களோடதுன்னு போட்டுக்கோங்க."

"எழுதியாச்சே. அடிச்சுத் திருத்தினா மொத்தமும் செல்லாது."

மெசாக் மேசையிலிருந்து ஓரடி பின்வாங்கினான். அவனுக்கு மூன்று பிள்ளைகள்.

"கடலையாவது சுத்தம் பண்ணுவாங்களா?" என்று கேட்டாள்.

"தண்ணி சுத்தமாயிருச்சுன்னு அறிக்கை வந்தாச்சு."

"அதையும் நான்தான் கழுவினேன்னு எழுதிக்கோங்க."

ஹென்ரி காகிதங்களை அடுக்கிக்கொண்டு ஜீப்புக்குப் போனார். மெசாக் அவள் முகத்தைப் பார்க்காமல் நழுவினான். அவனுடைய தார்க்கயிறு அத்தாட்சியாக மூலையில் கிடந்தது.

அவள் ஒரு கயிற்றுக்கட்டைத் தலையில் ஏற்றி, இன்னொன்றை இடுப்பில் இடுக்கினாள்.

"இங்கேயே கிடக்கட்டும் அக்கா. காலையில எடுத்துக்கலாம்," என்றார் தெர்சியுஸ்.

"வேணாம். இங்க கிடந்தா அழுக்காயிரும்."

அவள் படியிறங்கியதும் அவர் வெளியே வந்து, கதவைச் சாத்திப் பூட்டினார்.