ஈர்க்கு அளவு

தட்டம் மூன்றாவது முறையும் பரமலிங்கத்தின் முன்னால் வந்து நின்றது. வெற்றிலை, சீவல், ஓரமாக ஒரு கட்டுச் சுருட்டு. முதல் இரண்டு முறையும் அவர் வெற்றிலையை மட்டும் எடுத்துக்கொண்டார். பந்தலில் இருந்த மற்றவர்களுக்குத் தட்டம் ஒருமுறைதான் போயிருந்தது.

தட்டத்தை ஏந்தி நின்றவர் கந்தப்பு. பரமலிங்கத்தின் செத்துப்போன அண்ணை கனகசபாபதியின் கடையில் இருபது வருசமாகக் கயிறு நிறுத்துக் கொடுத்த கிழவர். நரைத்த தலையை ஒரு பக்கம் சாய்த்து, சரக்கைத் தொட்டும் பார்க்காமல் போகிற வாடிக்கைக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"எடுங்கோ தம்பி. திறமான சுருட்டு."

"வேண்டாம்."

பரமலிங்கத்தின் மடியில் ஒரு ஈர்க்குத் துணுக்கு இருந்தது. நக நீளம். பதினெட்டு வாரத்துக்கு முந்தி அது ஒரு முழுச் சுருட்டின் நீளம்.

புயலடித்த அடுத்த வருசம், வட்டுக்கோட்டையிலிருந்து ஆழ்வாப்பிள்ளை தன் மகனுக்குப் பரமலிங்கத்தின் மகள் மகாதேவியைப் பேச வந்தார். பேச்செல்லாம் சரிவந்தது. ஆவணிக்குள் முடித்துத் தருவதாகப் பரமலிங்கம் வாக்குக் கொடுத்த நேரம், சபையில் இருந்த கனகசபாபதி புகையை விட்டபடி சிரித்தார்.

"உவன்ரை வாக்கோ? சுருட்டை விடுறன் எண்டு இருபது வருசமா எனக்கு வாக்குத் தாறான். நானும் சுருட்டுப் பத்துறன்தான். ஆனா விடுறன் எண்டு ஒருநாளும் சொல்லேல்லை."

எல்லோரும் சிரித்தார்கள். ஆழ்வாப்பிள்ளையும் சிரித்தார். வீட்டுக்குப் போய் யோசித்திருக்க வேண்டும். பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஆள் வரவில்லை. மகாதேவி வெளியே எடுத்து வைத்திருந்த சேலையை மடித்துத் திரும்பவும் பெட்டிக்குள் வைத்தாள். அப்பாவை ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்கு இவ்வளவு வன்மம் ஏறியிருக்காது.

ஒரேயடியாக விட முடியாதென்பது அவருக்குத் தெரியும். மூன்று முறை விட்டுப் பார்த்தவர். அதில் ஒரு முறை மத்தியானம் வரைக்கும் தாங்கியது. ஆனால் கொடிகாமம் சந்தையில் முப்பது வருசம் பயறும் உழுந்தும் விற்றவருக்கு வேறொன்று தெரியும். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் வாங்குகிறவன் சண்டைக்கு வருவான். அளக்கிற கொத்தின் உட்புறத்தில் மெழுகைப் பூசிவிட்டால், அதே பத்துக் கொத்தை அவன் சிரித்துக்கொண்டு வாங்கிப் போவான்.

இந்த முறை வாங்குகிறவனும் தானே என்று வைத்துக்கொண்டார். நாளுக்கு எட்டுச் சுருட்டு. எட்டில் கை வைக்கவில்லை. ஒரு ஈர்க்கைச் சுருட்டின் நீளத்துக்கு முறித்து மடியில் செருகினார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோயிலால் வந்தவுடன் அந்த ஈர்க்கில் ஒரு பயறளவு கிள்ளி எறிவார். அந்தக் கிழமை முழுக்க, ஈர்க்கு காட்டிய அளவுக்குச் சுருட்டைப் பாக்குவெட்டியால் தறித்து, மிச்சத்தைக் கிணற்றடி வாழைக்குப் போட்டார். உடம்பு ஏமாந்தது. எட்டும் ஒழுங்காக வருகிறதே என்று நம்பிக்கொண்டிருந்தது.

பத்துகிற நேரத்தைவிட நறுக்குகிற நேரம் கூடிப்போச்சு என்று மனைவி கமலாவதி நெடுகப் பகிடி பண்ணுவாள்.

ஈர்க்கு முடியப்போகிற வெள்ளிக்கிழமையையும் அவர் குறித்து வைத்திருந்தார். அன்றைக்கு ஏதாவது சாட்டுச் சொல்லி ஆழ்வாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அண்ணையின் ஊரான வல்வெட்டித்துறைக்குப் போவது. கயிற்றுக்கடை வாசலில் ஆட்கள் கூடுகிற நேரமாகப் பார்த்து, கடைசித் துணுக்கை அண்ணையின் உள்ளங்கையில் வைப்பது. வாயைத் திறப்பதில்லை. அண்ணையின் முகம் போகிற போக்கை நினைத்து நினைத்தே அவர் பதினெட்டு வாரத்தையும் ஓட்டினார்.

இடையில்தான் அண்ணை நெஞ்சுநோவோடு படுத்துவிட்டதாகச் செய்தி வந்தது. போய்ப் பாருங்கோ, கூடப்பிறந்தவரல்லோ என்று கமலாவதி பத்து நாளும் சொன்னாள்.

"முழுசா விட்டிட்டுத்தான் அந்த வாசல் படலையைத் திறப்பன்," என்றார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் கிடக்கட்டும்."

கனகசபாபதி புதன்கிழமை விடியக் கண்ணை மூடினார். இரண்டு நாள் பொறுக்க மனமில்லை. எந்தப் பேரத்திலும் கடைசிச் சொல்லைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்த ஆளில்லை அவர்.

தட்டம் இன்னும் நகரவில்லை. "ஏன் கந்தப்பண்ணை, எனக்கு மட்டும் மூண்டு தரம்?" என்று கேட்டார் பரமலிங்கம்.

கிழவர் வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துக் குரலைத் தணித்தார். "முதலாளி சொல்லிப்போட்டுப் போனவர். பிரேதம் எடுக்க முந்தி மூண்டு தரம் நீட்டு, மூண்டாந்தரம் எடுப்பான் எண்டவர். படுத்த பத்து நாளும், தம்பி வந்தவனோ எண்டு ஒருக்காலும் கேக்கேல்லை. தம்பி இன்னும் பத்துறானோ எண்டுதான் கேட்டவர்."

பரமலிங்கம் தட்டத்தைக் கையால் விலக்கினார். கணக்குப்படி இன்றைக்கும் நாளைக்கும் நக நீளத்தில் எட்டெட்டுத் துண்டு அவருக்கு இருந்தது. இன்றைய எட்டும் மடியில் கிடந்தன. எழுந்து போய், பறையைக் காய்ச்ச மூட்டியிருந்த வைக்கோல் நெருப்பில் எட்டையும் கொட்டினார். புகை அவர் பக்கமாகத் திரும்பியது. காற்றுக்கு மற்றப் பக்கம் போய் நின்றார்.

அண்ணைக்குப் பிள்ளைகள் இல்லை. கொள்ளி வைக்க வேண்டியவரும் அவர்தான். வாய்க்கரிசி போடுகையில் அரிசியோடு அரிசியாக அந்த ஈர்க்குத் துணுக்கையும் அண்ணையின் உதட்டில் வைத்தார். நிமிர்ந்து பந்தலைப் பார்த்தார். செத்தவீட்டுக்கு வந்திருந்த ஆழ்வாப்பிள்ளை வெற்றிலையை மென்றபடி பக்கத்து ஆளோடு மிளகாய் விலை கதைத்துக்கொண்டிருந்தார். வேறு யாரும் அதைக் காணவில்லை. பதினெட்டு வாரச் சரக்கு, பார்க்க ஆளில்லாமல் சுடலைக்குப் போனது.

எட்டாம் நாள் பொழுதுபட, செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து அறைக்குள் படைத்தார்கள். மீன் குழம்பு, நண்டுக்கறி, ஒடியல் பிட்டு, அரைப்போத்தல் சாராயம். படைத்த பிறகு கதவைச் சாத்திவிட வேண்டும். செத்தவர் வந்து ஆறுதலாகச் சாப்பிட்டுப் போவார். கதவைச் சாத்த முன்னர், அண்ணையின் பெண்சாதி சிவக்கொழுந்து ஒரு முழுச் சுருட்டைக் கொண்டுவந்து பரமலிங்கத்தின் கையில் வைத்தாள்.

"பத்தவைக்காமல் வைச்சால் அவருக்குச் சரிவராது தம்பி. கொள்ளி வைச்ச கை. ஒரு இழுவை இழுத்துப் பத்தவைச்சு வையுங்கோ."

வாயில் வைத்து இழுக்காமல் சுருட்டுப் பற்றாது. அங்கே நின்ற அத்தனை பேருக்கும் அது தெரியும்.

"இதுவும் அண்ணை சொல்லிப்போட்டுப் போனதோ, மச்சாள்?"

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "ஓம். செத்தவீட்டிலை தப்பினாலும் எட்டாம் நாளிலை பிடிபடுவான் எண்டவர்."

கந்தப்பு குனிந்து எதையோ தேடுவதுபோலச் சிரிப்பை மறைத்தார். மகாதேவி கதவோரம் நின்று அப்பாவின் கையையே பார்த்தாள்.

சுருட்டின் மணம் மூக்குக்குள் ஏறி எச்சில் ஊறியது. இருவரும் இளந்தாரிகளாக இருந்த காலத்தில், தோணிக்குப் பின்னால் ஒளித்திருந்து முதற்சுருட்டை அவர் வாயில் வைத்துவிட்டவர் அண்ணைதான். அன்றைக்கும் இப்படித்தான், ஒரு இழுவை என்று சொன்னார்.

பரமலிங்கம் உள்ளே போய், சுருட்டை முழுசாக வாழையிலையின் வலப் பக்கம் வைத்தார். நெருப்புப்பெட்டியைப் பாதி திறந்து, குச்சி வெளியே தெரிய அதன் அருகில் வைத்தார்.

"நெருப்பும் கிடக்கு மச்சாள். வேணுமெண்டால் அண்ணையே பத்தட்டும்."

மகாதேவிதான் கதவைச் சாத்தினாள். ஒவ்வொருவராக முற்றத்துக்குப் போனார்கள். கமலாவதி கூப்பிட்டாள், வாறன் என்றார்.

எல்லோரும் போன பிறகு, பரமலிங்கம் மெல்லக் குனிந்து, கதவிடுக்கில் மூக்கை வைத்து மணந்து பார்த்தார்.