சிவப்பு வண்டியில் என்ன குறை?

தன் புது ஸ்போர்ட்ஸ் காரைக் கொடுத்துவிட்டு என் பழைய செடானை எடுத்துக்கொள்வதாக மாமா சொன்னபோதே எனக்குப் பொறி தட்டியது. அக்கா புருஷன்தான், ஆனாலும் ஆள் கெட்டிக்காரர். என் வண்டியை ஓட்டை டப்பா என்று கிண்டல் செய்யாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவர் சரிக்குச் சரி மாற்றிக்கொள்ளலாம் என்கிறார்.

நான் பட்டறையில் வண்டிகளுக்குப் பெயின்ட் அடிப்பவன். அந்த செடான் என்னிடம் துருப்பிடித்த கூடாகத்தான் வந்தது. விடுமுறை நாட்களையெல்லாம் கொட்டி அதை நிமிர்த்தினேன். எனக்கென்று இருக்கும் ஒரே சொத்து அதுதான், ஏமாந்து கொடுக்க மாட்டேன்.

காலையில் சிவப்பு வண்டி உறுமிக்கொண்டு பட்டறை வாசலில் வந்து நின்றது. உயரம் என் இடுப்புக்குத்தான் வரும். மாமா இறங்கினார். அக்கா இறங்கவில்லை.

"உள்ள வாக்கா."

"நீ பாருடா. நான் இங்கயே இருக்கேன்."

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளும் இதற்கு உடந்தை என்று முடிவு கட்டினேன்.

துணி சுற்றிய காந்தத்தைக் கதவில் வைத்து நகர்த்தினேன். அடிபட்ட இடத்தைப் பட்டி பூசி மறைத்திருந்தால் காந்தம் ஒட்டாமல் விழுந்துவிடும். எங்கேயும் விழவில்லை. கால்மிதியைத் தூக்கி மோந்தேன், வெள்ளத்தில் நின்ற வாடையும் இல்லை. குறை கிடைக்காமல் போகப் போகச் சந்தேகம்தான் கூடியது. அப்போதுதான் அக்கா முதுகுக்குப் பின்னால் இருந்த தலையணையைப் பார்த்தேன். சீட் கிழிந்திருக்கிறது!

"அந்தத் தலகாணிய எடு, பாக்கணும்."

"அது இருக்கட்டுமே மாப்ள" என்றார் மாமா.

"எதையாவது மறைச்சு என் தலையில கட்டலாம்னு பாக்காதீங்க மாமா!"

அக்கா கதவைப் பிடித்து எழப் பார்த்தாள். முடியவில்லை. தரையோடு கிடந்த அந்தச் சீட்டிலிருந்து அவளைத் தூக்க இரண்டு ஆள் தேவைப்பட்டது. என் கைக்குள் அவள் கை எலும்பாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். சீட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

"முதுகுல கட்டி" என்றார் மாமா. "உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. இந்த வண்டியில குனிஞ்சு ஏறவே முடியல. உன்னோடது உசரம், பின்னாடி நீட்டிப் படுத்துக்கலாம். வேற வாங்கலாம்னா கேக்கல, தம்பி வண்டிதான் குலுங்காதாம்."

எனக்கு அவமானமாக இருந்தது. ஊரார் வண்டியில் நகக்கீறலைக்கூடக் கண்டுபிடிப்பவன், உள்ளே உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்க்கவில்லை.

செடானின் பின்கதவைத் திறந்தேன். அக்கா யார் கையையும் பிடிக்காமல் உட்கார்ந்தாள்.

"காந்தத்த எனக்கும் வச்சுப் பாத்துடுடா" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஆஸ்பத்திரிக்கு எப்பக்கா போகணும்?"

"இப்பதான். போற வழியிலதான் வந்தோம்."

மாமா நீட்டிய சிவப்பு வண்டிச் சாவியை வாங்காமல் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தேன்.