வராண்டா வரைக்கும் கடலை

பேச்சியின் கை இன்னொரு கடலையை வைக்கிறது, கட்டிலடியில் தொடங்கிய வரிசை அறை வாசலைத் தாண்டி ஹாஸ்டல் வராண்டாவில் போய்க்கொண்டிருக்கிறது, ஒரு கடலை, அதன் பக்கத்தில் ஒன்று, அதற்கும் பக்கத்தில் இன்னொன்று, அவள் முட்டி போட்டபடி நகர நகர நான் பின்னாலேயே போகிறேன், போதும்டி பேச்சி, நிறுத்து, எல்லாரும் பாக்காங்க என்கிறேன், அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, நிறுத்தச் சொல்லி நீ எழுதலயே என்கிறாள், நான் மெஷினு, நீ எழுதுனதத்தான் செய்வேன்.

நான் எழுதியது என்ன பெரிய காவியமா, நட்சத்திரங்களை முக்கோணமாக அச்சிடும் சின்னப் புரோகிராம், முதல் வரியில் ஒன்று, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் மூன்று, முதல் வருஷத்துப் பிள்ளைகள் விளையாட்டாக எழுதுவது, அதில்தான் கடைசி வருஷக்காரி நான் அரியர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், மற்ற பேப்பரையெல்லாம் உருப்போட்டே தாண்டிவிட்டேன், இந்த ஒன்று மட்டும் காலைச் சுற்றிக்கொண்டு விடமாட்டேன் என்றது, சென்னையில் வேலைக்கு ஆர்டர் வந்தாயிற்று, அரியர் இல்லாமல் வந்து சேரவும் என்று அதில் ஒரு வரி, இந்தத் தடவை போனால் வேலையும் போச்சு, அப்பாவோ கறிக்கடை பாய் வரைக்கும் சொல்லிவைத்துவிட்டார். லேபில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை, தப்பாக அடித்தால் கம்ப்யூட்டர் சிவப்பாகக் கத்தும், இல்லாவிட்டால் பேய் பிடித்த மாதிரி ஓடும், திருத்துவேன், மறுபடி கத்தும், மறுபடி திருத்துவேன், இரண்டு பேரும் சண்டை போட்டே முடித்துவிடுவோம், பரீட்சையிலோ வெள்ளைத் தாளும் பேனாவும்தான், தாள் கத்தாது, எந்தத் தப்பை எழுதினாலும் வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருக்கும், பாவி.

அதற்காகத்தான் என் அறைத்தோழி பேச்சி மெஷின் ஆனாள், கழுகுமலைக்காரி, படிப்பது சிவில், ஊரிலிருந்து வந்த வறுகடலை டப்பாவைத் திறந்து, ஸ்டாருன்னு வந்தா கடலை, சரியா, எழுதித் தா என்றாள், எழுதிக் கொடுத்தேன், அவ்வளவுதான், வரிசை வராண்டாவுக்குப் போய்விட்டது, வார்டன் கனகமணி மேடம் செருப்புக்கடியில் கடலை நொறுங்க வந்து, என்னம்மா கூத்து இது, எறும்புக்கு விருந்தா என்று கேட்கிறார், பேச்சி அவர் செருப்புக்குப் பக்கத்தில் அடுத்த கடலையை வைக்கிறாள், எனக்கு மானம் போகிறது, அந்த எரிச்சலில் தாளைப் பார்க்கிறேன், ஒவ்வொரு கடலை வைத்ததும் எண்ணிக்கையில் ஒன்று கூட்டு என்கிற வரியே இல்லை, எண்ணாத மெஷினுக்கு எங்கே நிற்பது என்று எப்படித் தெரியும், அங்கேயே தாளைச் சுவரில் வைத்து அந்த வரியை எழுதினேன், பேச்சி எழுந்து நைட்டியைத் தட்டினாள், அம்மாடி, முட்டி போச்சு என்றாள்.

அந்த வராண்டாதான் நீண்டு நீண்டு பரீட்சை ஹாலுக்குள் வருகிறது, கேள்வித்தாளில் அதே முக்கோணம், எழுதிவிட்டேன், ஆனாலும் வைத்துப் பார்க்காமல் நம்பிக்கை வரவில்லை, காலையில் பேச்சி கைக்குட்டையில் முடிந்து கொடுத்த கடலையை அவிழ்த்து மேசையில் ஒன்று வைத்திருப்பேன், பறக்கும் படை வந்துவிட்டது, நெட்டையாக ஒரு சார், மூக்கு நுனியில் கண்ணாடி, என்னம்மா இது, பிட்டா என்கிறார், கடலை சார் என்கிறேன், கடலையில எழுதிக் கொண்டு வந்திருக்கியா என்று ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார், ஒன்றைத் தோலுரித்துப் பிளந்து உள்ளேயும் பார்க்கிறார், காப்பியடித்தாள் என்று எழுதிவிட்டால் வேலை என்ன, டிகிரியே போச்சு, எனக்கு அழுகை முட்டுகிறது, சார், நான் மெஷின் சார் என்று உளறுகிறேன், கடலைதான் சார் ஸ்டார், எழுதுனபடி வச்சுப் பாக்கேன் சார். அவர் என்னை மேலும் கீழும் பார்க்கிறார், அப்படியா, எங்க, நீ சொல்லு, நான் வைக்கிறேன் என்கிறார், பொய்யைப் பிடிக்கப்போகிற குரலில், நான் தாளைப் பார்த்துச் சொல்கிறேன், மொதல்ல இங்க சார், அடுத்தது என்கிறார், அதுக்குப் பக்கத்துல சார், அடுத்தது, அதுக்கும் பக்கத்துல, மேசை விளிம்பு வந்துவிட்டது, அடுத்தது, பக்கத்துல, கடலை உருண்டு டக்கென்று தரையில் விழுகிறது, ஐயோ, எண்ணவே இல்ல சார், ஒண்ணு கூட்டவே இல்ல என்று ஹாலே திரும்பிப் பார்க்கக் கத்திவிட்டேன், முன் பெஞ்சில் இரண்டு பேர் அவசரமாகத் தங்கள் தாளில் எதையோ நுழைக்கிறார்கள், நானும் நுழைத்தேன், இரண்டு வரிக்கு நடுவில். இப்ப நிக்குமா என்றார், நிக்கும் சார் என்றேன், திங்கிற சாமானெல்லாம் ஹாலுக்குள்ள கொண்டு வரக் கூடாது, தெரியுமா என்றார், பறிமுதல் செய்ததை மென்றுகொண்டே போனார், ஒன்றே ஒன்றை மட்டும் மேசையில் விட்டுவிட்டு.

பாஸ்தான், மார்க்கைப் பற்றி வாயைத் திறக்க மாட்டேன், வேலையிலும் சேர்ந்துவிட்டேன், இங்கே திரையில் ஏதாவது நிற்காமல் ஓடும்போதெல்லாம் எனக்கு அந்த ஹால் வாசல் வந்துவிடுகிறது, பேச்சி நிற்கிறாள், என்னைவிட அவளுக்குத்தான் முகம் வெளுத்திருக்கிறது, ஏட்டி, நின்னுச்சா என்கிறாள், நான் தலையை ஆட்டி அந்த ஒற்றைக் கடலையை நீட்டுகிறேன், பேச்சியின் கை அதை வாங்குகிறது, என் வாயில் வைக்கிறது, ஒண்ணு வச்சாச்சு, மொத வரி முடிஞ்சிட்டு, வா, சாப்பிடப் போவோம் என்கிறாள்.