வெள்ளைச் சுவரும் நீலக் கதவும்

எண்பத்தாறாம் வருஷம், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்து ஞானதுரை வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் கையில் இரண்டு போட்டோ இருந்தது. இரண்டுமே அவர் மகள் தேவகிருபை. ஒன்றில் பால் மாதிரி இருந்தாள். மற்றதில் அடுப்புக்கரி மாதிரி. அதே சேலை, அதே சிரிப்பு. குழப்பம் வராமல் என்ன செய்யும், கண்ணுகளா?

ஒன்றைத் தரகர் கொண்டுபோயிருந்தார். அது தெரியாமல் இன்னொன்றை அவள் அத்தை அனுப்பிவிட்டாள்.

"ஒமக்கு எத்தன பொண்ணு?" என்று கேட்டாள் மாப்பிள்ளையின் அம்மா ஏசம்மாள்.

"ஒண்ணே ஒண்ணுதாம்மா."

"அப்பம் இது யாரு? செவத்ததக் காட்டி கருத்ததக் கட்டிவைக்கப் பாக்கீயளா? இந்தா நிக்காளே, இவ ரெண்டு மாதிரியும் இல்ல. மூணாவதால்ல இருக்கு!"

ஞானதுரை இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஏமாற்றுகிற வீடு என்று பேர் பரவினால் மகளுக்கு இந்த வரனும் போகும், அடுத்ததும் வராது. மாப்பிள்ளை அருளப்பன் மட்டும் படத்தை விட்டுவிட்டுப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான்.

படம் எடுத்த நம்பியைக் கூப்பிட்டுவிட்டார்கள். கழுத்தில் கேமராவோடு வந்தான். மேலொன்று கீழொன்றாக இரண்டு லென்ஸ் வைத்த, குனிந்து பார்க்கிற பழைய பெட்டி. லென்சுக்கு மேலே தேன்கூடு போல ஒரு கண்ணாடி. அதில் வெளிச்சம் பட்டால் சின்ன ஜன்னலுக்குள் முள் அசையும். வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் உள்ள கேமரா என்று அவனுக்கு ஏகப் பெருமை.

"முள்ளு சொன்னபடிதான் வச்சேன்," என்றான். "வெள்ளச் சொவரு முன்னால நிக்கவச்சப்ப முள்ளு ஏறிச்சு. வெளிச்சம் சாஸ்தின்னு லென்ஸ் தெறப்பச் சுருக்குனேன், படம் கருத்துப்போச்சு. நீலக் கதவுகிட்ட எறங்கிச்சு, நல்லாத் தெறந்துவிட்டேன், அது வெளுத்துப்போச்சு. ரெண்டும் இதே வீட்டு முத்தந்தான், ஒரே நெழலு. ஏன் இப்படி வந்துச்சுன்னு எனக்கே வெளங்கல."

"முள்ளு மேல பழியப் போடுதியாக்கும்!" என்றாள் ஏசம்மாள்.

செய்து காட்டினான். சுவர்ப் பக்கம் திருப்பினால் முள் ஏறியது. அடர்நீலக் கதவுப் பக்கம் இறங்கியது. அவனுக்கு இன்னும் குழப்பம்.

தேவகிருபை செத்த நேரம் பார்த்தாள். பிறகு சுவர் முன்னால் போய், கேமராவுக்குக் கிட்டத்தில் புறங்கையை நீட்டினாள். முள் நடுவில் நின்றது. கதவு முன்னாலும் நீட்டினாள். அதே இடம்.

"அது என்னயப் பாக்கலண்ணே. எனக்குப் பின்னால இருக்கதத்தான் பாத்திருக்கு. நான் ரெண்டு எடத்துலயும் ஒருத்திதான்."

அருளப்பன் எழுந்து வந்து தன் கையை நீட்டினான். முள் ஒரு கோடு இறங்கியது.

"பாரும்மா, நான் இவளவிடக் கருப்பு!" என்று சிரித்தான்.

"எங்க, தள்ளுலே." ஏசம்மாள் வளையலை மேலே ஏற்றிவிட்டுத் தன் கையை நீட்டினாள்.

முள் இன்னும் இறங்கியது. குனிந்து பார்த்தாள், கையைத் திருப்பிப் பார்த்தாள், மறுபடி குனிந்தாள்.

"இது பழுதான சாமான்," என்று நிமிர்ந்தாள். "பொண்ணு நேர்ல நல்லாத்தான் இருக்கா. நிச்சயத்துக்கு நாளப் பாருங்க, அண்ணாச்சி."

ஞானதுரை அப்போதுதான் உட்கார்ந்தார்.

"எந்தப் படத்தக் கொண்டுபோறீய, அத்தை?" என்று கேட்டாள் தேவகிருபை.

ஏசம்மாளின் கை வெளுத்த படத்துக்குப் போனது, கருத்த படத்துக்குப் போனது, நடுவிலேயே நின்றுவிட்டது.