பூசும் முன் எடுக்காத படம்

மாமாவுக்கு ஒரு யோசனை வந்துவிட்டால் தலைகால் புரியாது. இந்த முறை முகக் களிம்பு. வீட்டு அடுப்பிலேயே காய்ச்சி, அக்காவின் கன்னத்தில் தினமும் பூசவைத்து, புட்டிகளில் அடைத்து, கடைக்காரர்களிடம் வாய் கிழியப் பேசி, நாளைக்கு விற்பனைக்குக் கொடுப்பதாக வாக்கும் கொடுத்தாயிற்று. விளம்பரத் தாள் அடிக்கப் போன இடத்தில்தான் நினைவு வந்தது: பூசுவதற்கு முன்னால் அக்காவைப் படம் எடுக்கவே இல்லை.

உடனே அக்காவை இழுத்துக்கொண்டு கொழுந்தியாளின், அதாவது அக்காவின் தங்கையின், போட்டோ ஸ்டுடியோவுக்கு வந்து நின்றார்.

"இப்ப இருக்கிற மூஞ்சியை அப்படியே எடு, அதுதான் பூசின பின்னாடி எடுத்த படம். பூசுறதுக்கு முன்னாடி இருந்ததை மட்டும் நீ உண்டாக்கிக் குடு. லைட்டை அப்படி இப்படித் திருப்பினா அசிங்கமா வராதா? உனக்குத் தெரியாத வித்தையா!"

"பொண்டாட்டியை அசிங்கமா எடுக்கச் சொல்லி இங்க வந்த முதல் ஆள் நீங்கதான் மாமா," என்றாள் தங்கை.

அந்த வித்தை அவளுக்குக் கைவந்த கலை. விளக்கைப் பக்கவாட்டில் வைத்தால் வழுவழுப்பான கன்னமும் மேடு பள்ளமாகிவிடும். அதே விளக்குக்கு முன்னால் வெள்ளைத் துணியைக் கட்டி நேரே வைத்தால், மேடு பள்ளம் இருந்த சுவடே தெரியாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவள் பிழைப்பே ஓடுகிறது. அதில் அவளுக்கு வெட்கம் கிடையாது, பெருமைதான்.

மாமா அச்சகத்தோடு போனில் பேச வாசலுக்குப் போனார். எந்த வேலையானாலும் முதலில் வித்தை இல்லாமல் ஒரு படம் எடுத்துப் பார்ப்பது தங்கையின் வழக்கம். இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம் வைத்தாள். மூக்கு நுனியிலிருந்து காது மடல் வரை எல்லாமே துல்லியமாக விழும்படி லென்ஸின் துவாரத்தைச் சுருக்கி எடுத்தாள். கம்ப்யூட்டர் திரையில் அக்காவின் முகம் பெரிதாக வந்தது. அறையின் மங்கல் வெளிச்சத்தில் கண்ணில் படாதது இப்போது தெரிந்தது: கன்னம் முழுக்கச் சிவந்து, தாடை ஓரத்தில் தோல் உரிந்திருந்தது.

"என்னக்கா இது?"

அக்கா வாசலைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "எரியுதுடி. பூசினா கண்ணுல தண்ணி கொட்டுது. அவர்கிட்ட சொல்லிடாத. ரொம்ப நாளைக்கு அப்புறம் மனுஷன் சிரிச்ச முகமா நடமாடுறார்."

தங்கைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மாமா மேல் பாதி, அக்கா மேல் பாதி. நாளைக்கு இந்தப் புட்டிகள் கடைக்குப் போனால் இன்னும் எத்தனை முகம் வேகும்?

"சரி, எரியுறதைப் பத்தி நான் வாயைத் திறக்க மாட்டேன். ஜன்னல் பக்கம் லேசா திரும்பு."

ஜன்னலில் வெள்ளைத் துணியைக் கட்டினாள். லென்ஸின் துவாரத்தை முழுக்கத் திறந்து, மிக அருகே போய், அக்காவின் இமைகளை மட்டும் கூர்மையாக நிறுத்தினாள். கன்னம் பாதியிலேயே மங்கிவிட்டது. காது இருந்த இடத்தில் வெறும் நிறம்தான் தெரிந்தது. வெளிச்சத்தையும் கொஞ்சம் தாராளமாகவே விட்டதில் சிவப்பெல்லாம் வெளுத்துப் போயிற்று.

"நானாடி இது?" என்று அக்கா வாயைப் பிளந்தாள். தங்கைக்கு அந்தக் கோபத்திலும் ஒரு கர்வம் வந்தது.

மாமா உள்ளே வந்ததும் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினாள். அவர் முதல் படத்தைப் பார்த்துத் தொடையில் தட்டினார்.

"அடேங்கப்பா! தோல் உரிஞ்ச மாதிரியே பண்ணிட்டியே! எந்த லைட்டு போட்ட?" இரண்டாவதைப் பார்த்ததும் அவர் குரல் குழைந்தது. "பாத்தியா, என் களிம்போட மகிமையை! இதுல நீ ஒண்ணும் பண்ணலையே?"

"இதுலதான் மாமா எல்லாம் பண்ணியிருக்கேன். ஜன்னல்ல துணி, இமையைத் தவிர எல்லாம் மங்கல், வேணும்னே கூடுதல் வெளிச்சம். முதல் படத்துல ஒரு வித்தையும் இல்ல. இந்த நாற்காலியில உக்காந்திருக்காளே, அந்த அக்காதான் அது. நம்பலைன்னா திரும்பிப் பாருங்க."

மாமா சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். பிறகு திரும்பி, மனைவியின் அருகே போய்க் கன்னத்தில் ஒரு விரலை வைத்தார். அக்கா சட்டென்று முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"எரியுதா?"

"எரியுது."

"ஏன் சொல்லல?"

"சொன்னா மருந்து வேலை செய்யுதுன்னு இன்னும் ரெண்டு வேளை கூடப் பூசச் சொல்வீங்க."

அவருக்கு அது நியாயமாகவே பட்டிருக்க வேண்டும். தங்கை கேட்டாள்.

"நீங்க ஒரு தடவையாவது பூசிப் பாத்தீங்களா மாமா?"

"எனக்கு எதுக்கு? எனக்கு மூஞ்சி நல்லாத்தானே இருக்கு."

"எனக்கும் நல்லாத்தாங்க இருந்துச்சு," என்றாள் அக்கா.

மாமாவின் முகம் சுண்டிப்போயிற்று. போனை எடுத்து, நாளைக்குச் சரக்கு வராது என்று கடைகளுக்கு ஒவ்வொன்றாகச் சொன்னார். காரணம் கேட்டவர்களிடம் மழுப்பவும் இல்லை.

"அந்த முதல் படத்தைப் பிரிண்ட் போட்டுக் குடு," என்றார் தங்கையிடம்.

"யாருக்குக் காட்ட?"

"யாருக்கும் இல்ல. எனக்குத்தான்."